பாதாம் அல்வா கலர் கொக்கு

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததும் வருகிற முதல் செய்தி டேனியலுடையதாகத்தான் இருக்கும். "நாளை காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. காந்தி ரோட்டில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், வண்டிக்காரர்கள் சுற்றிப் போகவும். ஓரிக்கை பாலாற்றங்கரைக்குப் பனங்காடைப் பறவை ஒரு ஜோடி வந்திருக்கிறது." மூன்றும் அவனுக்கு ஒரே தரத்துச் செய்திதான். கரண்ட் போவதற்குக் கொடுக்கிற மரியாதையைப் பனங்காடை வருவதற்கும் கொடுப்பான்.

அவனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் பிள்ளையார்பாளையத்தில் கிடையாது. அவனால் என் பிழைப்புக்கே ஆபத்து வந்தது. அவனைத் திட்டிய அளவுக்கு நான் என் வீட்டுக்காரரைக்கூடத் திட்டியதில்லை. அப்படியிருந்தும் அவன் பெயரை எடுத்தால் எனக்குச் சிரிப்புதான் முதலில் வருகிறது, என்ன செய்ய.

என் பெயர் சம்பூர்ணம். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை எங்களுடையது. வீட்டுக்காரர் மணிவண்ணன் அடுப்பையும் அண்டாவையும் பார்த்துக்கொள்வார். கலர் கலப்பது நான். பட்டறைக்கு நேர் எதிரே டேனியலின் ஜெராக்ஸ் கடை. ஆதார் நகல், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர் எல்லாம் அங்கேதான். தெருவில் யார் பிறந்தாலும் போனாலும் டேனியலின் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் நடக்காது.

அது போக, அவன் ஒரு தினசரிப் பேப்பருக்குப் பகுதி நேர நிருபர். பேப்பரின் பெயர் வேண்டாம். பைக்கில் நம்பரைவிடப் பெரிதாக 'பிரஸ்' என்று ஒட்டியிருந்தான். ஓரிக்கைப் பக்கத்துக் காலனியில் பிறந்தவன். அப்பா அம்மா இருவரும் அறுப்பு வேலைக்குப் போய்ப் படிக்கவைத்த பிள்ளை. நாற்பதை நெருங்கியும் சட்டைப் பையில் இரண்டு பேனா செருகியிருப்பான், ஒன்று எழுதாது. தெருவில் குழாய் உடைந்தால் குழாய்க்காரனுக்கு முன்னால் இவன் நிற்பான். திருவிழா நெரிசல், காந்தி ரோட்டில் கார் நிறுத்த இடமில்லாதது, மூடாமல் விட்ட பாதாளச் சாக்கடைக் குழி, எல்லாவற்றையும் எழுதி அனுப்புவான். அதில் பாதி வரும், அதுவும் கால் பங்காகச் சுருங்கி வரும். மேலே 'நமது நிருபர்' என்று போட்டிருக்கும்.

அதுதான் அவனுக்கு ஆறாத மனக்குறை. "எங்கம்மாகிட்ட பேப்பரக் காட்டுனா, இதுல உன் பேரு எங்கடான்னு கேக்குதுக்கா. நமது நிருபர்னா நான்தாம்மான்னா நம்ப மாட்டேங்குது" என்பான். பல வருஷமாக எழுதியும் ஒரு தடவைகூட அவன் பெயர் அச்சில் வந்ததில்லை. என்றாவது ஒரு நாள் வரும் என்று அவன் சொல்வதும், வரும்போது பார்க்கலாம் என்று நான் சொல்வதும் எங்கள் பதினொரு மணி டீயோடு சேர்ந்த பழக்கம்.

பறவைப் பைத்தியம் பிடித்தது தேர்தல் வருஷத்துப் பொங்கலில். ஏனாத்தூரில் கல்லூரியில் பாடம் எடுக்கிற சத்யப்ரியா என்ற பெண், லீவில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரையில் பறவைக் கணக்கெடுத்தாள். இவன் செய்தி எடுக்கப் போனான். ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டியவன். அந்தப் பெண் பைனாகுலரை இவன் கையில் கொடுத்து ஒரு மீன்கொத்தியைக் காட்டியிருக்கிறாள். ஆள் அத்தோடு காலி.

மத்தியானம் நேராகப் பட்டறைக்கு வந்தான். முகத்தில் வெயில் ஏறிக் கறுத்திருந்தது.

"அக்கா, முதுகு ராமர் நீலம்கா. தலையும் வயிறும் காப்பிக்கொட்டை. கழுத்துக்குக் கீழ பால் வெள்ளை. மூக்கு மட்டும் குங்குமச் செவப்பு. இந்தக் காம்பினேஷன எவன்கா போட்டான்?"

"உங்க ஆண்டவரத்தான் கேக்கணும். வேணும்னா நூல் கொண்டுவரச் சொல்லு, ஏத்தித் தர்றேன்" என்றேன்.

அன்றிலிருந்து அவன் பறவைகளைப் புடவையாகத்தான் பார்த்தான். உடம்பு என்ன, பார்டர் என்ன, முந்தி என்ன. மாங்குயில் என்றால் மாம்பழ மஞ்சள் உடம்பு, கறுப்பு பார்டர். செம்போத்து கறுப்பு உடம்பு, செங்கல் முந்தி. பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது சாதாரண மண் கலர்ப் புடவைதான், பறந்தால்தான் முந்தியின் நீலம் தெரியும். இப்படி எழுதிக் குழுவில் போடுவான். எங்கள் தெருக்காரர்களுக்கு வேறு எந்தப் பாஷையில் சொன்னாலும் ஏறியிருக்காது. இது சட்டென்று ஏறியது. அடுத்த தெரு கங்கையம்மாள் தறியை விட்டுவிட்டு மாடிக்குப் போய் நின்றுகொண்டு போன் போடுவாள். "டேனியலு, எங்க முருங்கை மரத்துல கத்திரிப்பூ உடம்பு, முதுகுல பச்சை மினுக்கினு ஒண்ணு குந்திக்கினு இருக்குதுபா, அது இன்னா?" என்பாள். "தேன்சிட்டுமா, ஆம்பள" என்பான். அவளுக்கு அன்று முழுக்க அது போதும்.

சத்யப்ரியா மட்டும் சொல்லிப் பார்த்தாள். மூக்கைப் பாருங்கள், காலைப் பாருங்கள், எப்படி நடக்கிறது என்று பாருங்கள், கலரை மட்டும் நம்பாதீர்கள், கலர் மாறும் என்று. இவன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் தெருவில் கலர் மாறாது. ஏற்றின கலர் மாறினால் அதற்கு யாரோ ஒருத்தர் பொறுப்பு, அது யார் என்று கண்டுபிடித்து அவர் வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் வழக்கம்.

இனி என் கலருக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாண ஆர்டருக்காகச் சந்தனமும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல், கொஞ்சம் ஆரஞ்சு ஓடுகிற மாதிரி ஒரு கலர் கலந்தேன். நூல் காய்ந்துகொண்டிருந்தபோது டேனியல் உள்ளே வந்து, "அக்கா, பாதாம் அல்வா மாதிரியே இருக்குது, பசிக்குது" என்றான். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மற்ற பட்டறைக்காரர்கள் முயன்று பார்த்தார்கள். ஒருத்தருக்குப் பழுப்படித்தது, ஒருத்தருக்குக் காவியாகப் போனது. பாதாம் அல்வா கலர் வேண்டுமென்றால் சம்பூர்ணத்திடம்தான் போக வேண்டும் என்று காஞ்சிபுரத்தில் ஜவுளி எடுக்கிறவர்கள், நெய்கிறவர்கள், விற்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். என் வீட்டு விலாசம் தெரியாதவர்களுக்குக்கூட அந்தக் கலர் தெரியும்.

அந்த வருஷம் நாடாளுமன்றத் தேர்தல். பங்குனி முழுக்க டேனியலுக்குச் சோறு தண்ணி கிடையாது. வேட்பாளர் பின்னால் ஓடினான், பறக்கும் படை பின்னால் ஓடினான், இரண்டுக்கும் நடுவில் வலசைப் பறவைகள் கிளம்புவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஏரிக்கும் ஓடினான். சித்திரை பிறந்த சில நாட்களில் வாக்குப்பதிவு முடிந்தது. எண்ணுவதற்கு ஒன்றரை மாதம் இருந்தது. பெட்டிகள் பூட்டிக் கிடந்தன. அரசியல்வாதிகள் கொடைக்கானல் போய்விட்டார்கள். மாவட்டப் பக்கத்தை எதை வைத்து நிரப்புவது என்று பேப்பரில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

அப்போதுதான் டேனியல் கொக்கைப் பார்த்தான். ஊருக்கும் ஓரிக்கைக்கும் நடுவில் ஒரு கால்வாய் போகிறது. அதன் கரையில் மேய்கிற மாடுகளுக்குப் பின்னாலேயே நடக்கும் சின்ன வெள்ளைக் கொக்கு, உண்ணிக்கொக்கு என்பார்கள். தையிலிருந்து அவன் அந்தக் கொக்குகளை நூற்றுக்கணக்கில் பார்த்திருந்தான். எல்லாம் அப்பழுக்கில்லாத வெள்ளை. அன்று காலை பார்த்தால் நான்கைந்து கொக்குகளின் தலை, கழுத்து, முதுகு எல்லாம் கலராகியிருக்கிறது. பிள்ளையார்பாளையத்து ஆள் என்ன நினைப்பான்? சாயத் தண்ணீரில் விழுந்துவிட்டன என்றுதான் நினைப்பான்.

அவன் மனசு பதறிப் போயிருக்கிறது. கண்ணில் தண்ணீர் வர நின்று போட்டோ எடுத்ததாகப் பிறகு சொன்னான். அங்கேயே உட்கார்ந்து போனில் தட்டி அனுப்பிவிட்டான். நான் அன்று ஒரு சாவுக்கு உத்திரமேரூர் போயிருந்தேன். இருந்திருந்தால் டீ குடிக்கும்போது சொல்லியிருப்பான், நானும் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

மறுநாள் காலையில் பேப்பரைத் தூக்கிக்கொண்டு தெருவைக் குறுக்கே தாண்டி ஓடிவந்தான். செருப்புகூடப் போடவில்லை.

"அக்கா, பேருக்கா. என் பேரு."

போட்டிருந்தது. 'ப. டேனியல்' என்று தடித்த எழுத்தில். பாதிப் பக்கத்துக்குப் படம், 'சாயத்தில் நனைந்து தவிக்கும் கொக்குகள்' என்று தலைப்பு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேப்பரை வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன். 'காஞ்சிபுரம் அருகே கால்வாயில் இரை தேடும் வெள்ளைக் கொக்குகளின் மீது சாயம் படிந்துள்ளது. நெசவாளர்களிடையே பாதாம் அல்வா கலர் என்று அழைக்கப்படும் இந்தச் சாயம்...' அந்த இடத்தையும் தாண்டிப் படித்துக்கொண்டே போனேன். பிள்ளை பெயர் பேப்பரில் வந்த பூரிப்பில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அண்டாவில் நூலைத் திருப்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கழியை நிறுத்தினார். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"பாதாம் அல்வான்னா நம்மளுதாச்சே" என்றார்.

டேனியலின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத முகம். அதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் அதிகமானது.

"உன் பேர எழுதலியேக்கா. கலரத்தான் எழுதினேன். மேடம் சொல்லியிருக்காங்க, பார்த்தத பார்த்தபடி கரெக்டா எழுதணும்னு. அந்தக் கலருக்கு வேற பேரு எனக்குத் தெரியாதுக்கா."

"கலர் பேர எழுதிட்டா என் பேரு எதுக்குடா தனியா? ஊர்ல எந்தக் குழந்தையக் கேட்டாலும் என் வூட்ட வந்து காட்டும். பாத்ததும் என்கிட்ட வந்து கேட்டியா? எதிர் வூடுதானேடா. நாலு எட்டு வைக்க உனக்குக் கால் இல்லியா?"

தெருவே எட்டிப் பார்த்தது. உன் நமது நிருபரே நல்லா இருந்தான், நீதான் உருப்படாம பூட்ட என்று இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனான். மடிக்கும்போது தன் பெயர் வெளியே தெரியாமல் மடித்தான்.

மத்தியானத்துக்குள் போன் மேல் போன். மறுநாள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஜீப்பில் வந்தார்கள். வந்த அதிகாரி மரியாதையான மனிதர்தான். எங்கள் கழிவுத் தொட்டியைப் பார்த்தார், லாரி வந்து எடுத்துப் போகிற ரசீதுகளைப் பார்த்தார், பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். "பேப்பர்ல வந்துடுச்சும்மா, என்ன பண்றது. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அடுப்பு மூட்டாதீங்க" என்றார். வைகாசி முகூர்த்தத்துக்கு நூல் கேட்டிருந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு பட்டறைக்குப் போனார்கள். இருபத்தைந்து வருஷமாகச் சேர்த்த பெயர் ஒரு கொக்கின் கழுத்தில் போய்விட்டது என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கோபத்தைவிடப் பயம்தான் எனக்கு அதிகமாக இருந்தது. பட்டு ஒரு பூச்சி கொடுத்தது, இறகு ஒரு பறவையினுடையது. இதில் பிடிக்கிற சாயம் அதிலும் பிடிக்கும் என்பது சாயக்காரிக்குத் தெரியாதா? ஒருவேளை தொட்டியில் எங்காவது கசிகிறதோ என்று நானும் வீட்டுக்காரரும் தொட்டியைக் காலி செய்து, சுவரைத் தடவித் தடவிப் பார்த்தோம். திரும்ப நல்ல தண்ணீர் நிரப்பிக் கோடு போட்டு வைத்தோம். தண்ணீர் கோட்டைவிட்டு இறங்கவில்லை. அப்படியும் சோறு இறங்கவில்லை எனக்கு. வாயில்லாத ஜீவன் மேல் என் சாயம் பட்டிருந்தால் அந்தக் கலரையே இனிமேல் கலப்பதில்லை என்று காமாட்சி அம்மனிடம் சொல்லிக்கொண்டேன்.

எதிர்க் கடையில் டேனியலும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். என் பக்கம் வரத் துணிச்சல் இல்லை. சரி, கொக்குகளையாவது காப்பாற்றலாம் என்று முடிவு செய்தான். ஷாம்பு பாக்கெட்டைச் சரமாக வாங்கி வைத்துக்கொண்டு சத்யப்ரியாவுக்குப் போன் போட்டிருக்கிறான். அந்தப் பெண் தேர்தல் வேலை முடிந்து லீவுக்குத் தன் ஊருக்குப் போயிருந்தாள், பேப்பரைப் பார்க்கவில்லை.

"மேடம், கொக்கு மேல சாயம் பட்டுக்கினா அதப் புடிச்சு எதால கழுவணும்? ஷாம்பு போட்டா றெக்க கொட்டிடுமா?"

போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறாள். பார்த்ததும் சிரித்துவிட்டாளாம். பேப்பரில் போட்டது தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாளாம்.

"அண்ணா, அது சாயம் இல்ல. உண்ணிக்கொக்கு இந்த மாசத்துல அப்படித்தான் ஆகும். ஜோடி சேர்ற காலம். சீசன் முடிஞ்சா மறுபடி வெள்ளையாயிடும். நீங்க பொங்கல்லதானே பார்க்க ஆரம்பிச்சீங்க, அதான் தெரியல."

அவனுக்கு நம்ப முடியவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ஏனாத்தூர் வயல், அதற்கும் அப்பால் சாயத் தண்ணீரே எட்டிப் பார்க்காத ஊர்கள் என்று வெயிலில் அலைந்திருக்கிறான். போன இடமெல்லாம் கொக்குகள் அதே கோலத்தில் நின்றன. ஒன்றுபோலத் தலை, ஒன்றுபோலக் கழுத்து, ஒன்றுபோல முதுகு. தொட்டியில் விழுந்த பறவைக்கு ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் ஏறாது. இது ஒரே சீராக ஏற்றின மாதிரி இருந்தது, ஏற்றினது அந்த ஆண்டவர்தான் என்று அவனுக்கு இப்போது புரிந்தது.

ஓரிக்கையில் மாடு மேய்க்கும் துரைக்கண்ணு என்ற பெரியவரிடம் கேட்டிருக்கிறான். அவர், "வருஷா வருஷம் சித்திரைக்கு மஞ்சப் பூசிக்குமே" என்றாராம். "அப்ப பேப்பர்ல நான் எழுதினதப் பாத்துட்டு ஏன்பா சும்மா இருந்த?" என்றதற்கு, "பேப்பர்லியே போட்டுக்கினு இருக்கானே, இந்த வருஷம் மட்டும் சாயமா இருக்கும்போலன்னு நெனச்சேன்" என்றாராம். அச்சில் வந்துவிட்டால் நம் ஜனங்கள் தங்கள் கண்ணைக்கூட நம்ப மாட்டார்கள்.

இது வரை நடந்தது தெரியாத்தனம். இதற்கு மேல்தான் டேனியல் யார் என்பது இருக்கிறது. அவனுக்கும் சத்யப்ரியாவுக்கும் துரைக்கண்ணுவுக்கும் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. சும்மா இருந்திருக்கலாம். அவன் பேப்பர் ஆபீசுக்குப் போன் போட்டு, நான் எழுதினது தப்பு, திருத்தம் போடுங்கள் என்றான். அங்கே அவனுக்கு மேலே இருந்தவர் கொதித்துப் போனார். கொக்கு மஞ்சளா இருந்தா இருக்கட்டும்யா, ரெண்டு நாள்ல ஜனங்க மறந்துடுவாங்க, அதிகாரிங்க ரெய்டு போயிருக்காங்க, இப்பப் போய் நாமளே தப்புன்னு போட்டா பேப்பர் மானம் என்னாவறது, வெளியில மூச்சு விட்டா நிருபர் அட்டைய வாங்கிடுவேன் என்றாராம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவன் பெண்டாட்டி அம்சா. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் விற்பனை வேலையில் இருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம்.

"ரெண்டு நாளா சாப்பிடாம குந்திக்கினு இருந்தாருக்கா. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ஒரு கொக்குக்காக எழுதினியே, ஒரு மனுஷிக்காக எழுத மாட்டியான்னு. அப்படியே எழுந்து கடைக்குப் போனாரு."

அமாவாசை அன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. நெசவாளி வீடெல்லாம் தலைக்குக் குளித்து, சாவகாசமாகத் தெருவில் நிற்கிற நாள். அந்தக் காலையில் நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது, கங்கையம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீ உசுரோட இருக்கியா?" என்றாள்.

"ஏன், நேத்து செத்தனா?"

"முக்குல உன் போட்டோ போட்டு பேனர் கட்டியிருக்குதுடீ. நான் படிக்கல, பாத்ததும் ஓடியாந்துட்டேன்."

போய்ப் பார்த்தேன். தேர்தல் விதி என்று கட்சி பேனர்களைக் கழற்றிவிட்டதில் தெரு முனையில் மூங்கில் சட்டம் மட்டும் வெறுமனே நின்றுகொண்டிருந்தது. அதில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ். நடுவில் என் படம், யார் கல்யாணத்திலோ அவன் எடுத்தது, பந்தியில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிற முகம். என் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு கொக்கு. அவசரத்தில் பழைய கண்ணீர் அஞ்சலி டிசைனையே எடுத்து மாற்றியிருப்பான் போலிருக்கிறது, ஓரத்தில் குத்துவிளக்குகூட எரிந்துகொண்டிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'திருத்தம்'. அதன் கீழே இப்படி எழுதியிருந்தான்:

'கொக்கின் மீது உள்ளது சாயம் அல்ல. சித்திரை மாதத்தில் அதன் இறகே அப்படி மாறும். சம்பூர்ணம் அக்காவின் பட்டறைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் தொட்டியிலிருந்து ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. விசாரிக்காமல் எழுதியது என் தவறு. இவண்: ப. டேனியல், நிருபர்.'

கடைசியில் கைகூப்பிய மாதிரி அவன் படம், பாஸ்போர்ட் சைஸ். வழக்கமாக அந்த இடத்தில் நிற்கிற வட்டச் செயலாளர்கள் சிரிப்பார்கள். இவன் சிரிக்கவில்லை.

அமாவாசைக் கூட்டம் முழுவதும் நின்று படித்தது. யாரோ சிரித்தார்கள், யாரோ அவர்களை அதட்டினார்கள். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் கடையைப் பார்த்தேன். அவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். போய்ப் பேச வேண்டும் என்று இருந்தது, கால் வரவில்லை. தெருவுக்கே கேட்கத் திட்டியவள், மன்னிப்பதை மட்டும் எப்படித் தனியாகச் செய்வது என்று தெரியவில்லை.

பேனரின் போட்டோ ஊர் முழுக்கப் போனது, பேப்பர் ஆபீசுக்கும் போனது. அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பைக்கில் ஒட்டியிருந்த 'பிரஸ்' ஸ்டிக்கரை அம்சா கத்தியால் சுரண்டியதை என் வாசலிலிருந்தே பார்த்தேன். டேனியல் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கொஞ்ச நாளில் எங்கள் தண்ணீர் ரிப்போர்ட்டும் சுத்தம் என்று வந்தது, அடுப்பு மூட்டினோம். கைவிட்டுப் போன ஆர்டரில் முக்கால்வாசி திரும்பி வந்தது. பாதாம் அல்வா கலரை முன்பைவிட அதிகமாகக் கேட்டார்கள், அந்தப் பேனர் செய்த வேலை.

ஆனால் டேனியல் தெருவைத் தாண்டி வரவில்லை. பதினொரு மணி டீயை அவன் கடையிலேயே குடித்தான். வாட்ஸ்அப் குழுவும் அடங்கிவிட்டது. கரண்ட் போகும், யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். மாடியில் என்ன பறவை உட்கார்ந்தாலும் அதற்குப் பெயர் இல்லாமல் பறந்து போகும். "அவன் சத்தமே இல்லாம தெரு நல்லாவே இல்லடீ" என்று கங்கையம்மாள் ஒரு நாள் சொன்னாள். எனக்கு அது முன்னாலேயே தெரியும். அவன் இல்லாமல் டீ இறங்கவில்லை என்று வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் கூடப் பிறக்காத தம்பி அவன்.

வைகாசி பிறந்த பிறகு ஒரு விடியற்காலை நான் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்சா திறந்தாள். பின்னால் அவன் லுங்கியோடு நின்றான்.

"வண்டிய எடு" என்றேன். "அந்தக் கொக்கக் காட்டு."

அவன் சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். ஓரிக்கைப் பக்கம் கால்வாய்க் கரையில் வண்டியை நிறுத்தினான். துரைக்கண்ணுவின் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் காலடியில் கொக்குகள். அவன் பைனாகுலரைக் கொடுத்தான். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை, கையால் தள்ளிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன்.

இருபத்தைந்து வருஷமாகக் கலர் பார்க்கிற கண். முந்தின நாள் ஏற்றி உலர்த்திய பாதாம் அல்வா கலர் நூல் கட்டு ஒன்றைக் கூடையில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். எடுத்து உதறி, வெயில் படுகிற மாதிரி கொக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். சந்தனமும் இல்லை, மஞ்சளும் இல்லை, கொஞ்சம் ஆரஞ்சு ஓடுகிறது. இந்த ஊரில் யாருக்கும் வராத கலர் என்று நான் தலைக்கனத்தோடு இருந்த கலர், அந்தக் கொக்கின் கழுத்தில் நூலளவு பிசகாமல் இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

டேனியல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொல்லப் போகிறேனோ என்று பயந்துபோயிருந்தான்.

"டேனியலு" என்றேன். "கலரச் சரியாத்தான்டா எழுதியிருக்க."

அட்டையைப் பிடுங்கிய அன்று அழாதவன், அந்தக் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.